நின்றதாகச் சொல்லப்பட்ட வண்டி

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

இதைச் சொல்லிச் சிரிப்பதற்கென்றே எதிர்ப்பக்கத்து டீக்கடையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் ரோட்டில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் நடுவே இருந்தது மைமூனின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க் ஷாப். ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் சில கார்கள் நிற்கிற அளவுக்கு வெறும் மண் தரை. நிழல் என்று ஒன்றும் கிடையாது. மைமூன் ஆரம்பத்தில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். பிறகு கார்களுக்கு வந்தார். இன்ஜினைக் கம்ப்யூட்டர் ஓட்டத் தொடங்கிய பிறகு, மற்றவர்கள் கைவிட்ட வண்டிகளெல்லாம் அவரிடம்தான் வந்து நின்றன.

சீடர் வரதப்பன் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் பிட்டராக இருந்தவர். கூட வேலை பார்த்த ஒருவனைக் காரணமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தார். நிறுத்தப்பட்டவன் கொஞ்ச நாளில் சமாதானமாகித் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டான். வரதப்பன் போகவில்லை. இரும்பில் வருகிற பழுது கண்ணுக்குத் தெரியும், கரண்டில் வருகிற பழுது தெரியாது, அதைக் கற்றுக்கொடுங்கள் என்று மைமூனிடம் வந்து நின்றார். மைமூன் வயதைக் கேட்கவில்லை. டெஸ்ட் லைட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்று காலை சென்னிமலை என்ற டிரைவர் ஒரு வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டி நன்றாக ஓடி வந்தது. நன்றாக நின்றது. சாவியைத் திருகினால் உடனே எடுத்தது. அதுதான் அவனுடைய பிரச்சினை.

வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது என்றான். காவிரிப் பாலத்தின் மேல் ஒரு முறை. ஈரோட்டுக் கடைவீதியில் ஒரு முறை. கடைசியாக, முதலாளி குடும்பத்தோடு ஒரு முகூர்த்தத்துக்குப் போகும்போது. தாலி கட்டி முடிந்து, ஜனங்கள் பந்திக்குப் போன பிறகுதான் அவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். பெண் வீட்டார் முதலாளிக்கு நெருங்கிய சொந்தம்.

முதலாளி லோகநாதன். பெரிய தறிப்பட்டறைக்காரர். வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் பார்த்தார்கள். அங்கேயும் அதே பதில். வண்டியில் குறை இல்லையென்றால் குறை யாரிடம் என்று லோகநாதன் யோசித்தார். அந்த முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னால் சென்னிமலை தன் மகளின் காதுகுத்துக்கு லீவு கேட்டிருந்தான். லோகநாதன் தரவில்லை. கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது. லீவு கொடுக்காத ஆத்திரத்தில் இவனே வண்டியை நிறுத்தி நாடகம் போடுகிறான் என்று நாலு பேர் இருக்கும்போதே சொன்னார். தெரிந்த கார் முதலாளிகளுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார்.

கடைசியாக மைமூனிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் நானே வந்து கேட்பேன், அந்தம்மாவும் ஒன்றுமில்லை என்று சொன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டையும் காலி பண்ணிக்கொள் என்பது அவர் பேச்சு. சென்னிமலை குடியிருந்தது லோகநாதனின் தறிப்பட்டறைக்குப் பின்னால், அவருக்குச் சொந்தமான லைன் வீட்டில்.

வரதப்பன் கேட்டுக்கொண்டே பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். ஒர்க் ஷாப்புக்கு வந்த வண்டிக்கு முதலில் பானெட்டைத் தூக்குவார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

ஸ்கேனரை மாட்டினார். பழுது எதுவும் பதிவாகவில்லை என்று திரை சொன்னது. பேட்டரியைப் பார்த்தார். எர்த் ஒயர்களைப் பார்த்தார். பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பிடித்தார். இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற மெயின் ரிலேயைக் கழற்றினார். தீப்பெட்டியைவிடச் சின்ன கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு காயில், ஒரு காண்டாக்ட். காயிலுக்குக் கரண்ட் போனால் காண்டாக்ட் ஒட்டும், வண்டிக்கு உயிர் வரும். மேஜையில் வைத்து பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். டிக் என்றது. மறுபடி தொட்டார். டிக். காண்டாக்டில் கருகல் இல்லை. திரும்ப மாட்டினார்.

சென்னிமலை பக்கத்திலேயே நின்றான். வண்டி நின்றதும் தான் என்ன செய்வான் என்று சொல்ல ஆரம்பித்தான்.

"பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு, பின்னால வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டிட்டு நிப்பனுங்ணா. கொஞ்ச நேரம் கழிச்சு..."

அது இருக்கட்டும், பெட்ரோல் எந்த பங்க்கில் போடுகிறாய் என்று வரதப்பன் கேட்டார். சென்னிமலை பங்க்கின் பெயரைச் சொன்னான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

மைமூன் பக்கத்து வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

வெயில் ஏற ஏற வரதப்பனுக்குக் கோபமும் ஏறியது. வண்டி ஒவ்வொரு முறையும் எடுத்தது. எடுக்கிற ஒவ்வொரு முறையும் அது லோகநாதன் பக்கம் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. அவர் ஸ்பேனரை மேஜையில் போட்டார். ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையின் காதுகுத்தில் நிற்கக் கூடக் கொடுத்துவைக்கவில்லை, அதைக் கேட்டதே குற்றமாகிவிட்டது என்றார். முகூர்த்தத்துக்கு லேட்டாகப் போனால் கௌரவம் போய்விடுமாம், வீட்டைப் பிடுங்கி ஒரு குடும்பத்தை ரோட்டில் நிறுத்தினால் போகாதாம் என்றார். டீக்கடைக்காரர் தங்கராசு அங்கிருந்தே, சீடருக்கு இன்றைக்கு இன்ஜின் சூடாகிவிட்டது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கத்தினார். வரதப்பன் அவரையும் இரண்டு வார்த்தை கேட்டார்.

பிறகு கொட்டகைக்குள் போனார். மூலையில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. செத்த ரிலேக்களை அதில் போட்டு வைப்பார்கள். அதைக் கிளறி, வெள்ளைக் காருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் கால்கள் கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. பார்க்கிற குழந்தைக்குக்கூடப் பழுது என்று தெரியும்.

அதைச் சென்னிமலையிடம் காட்டி, கவலைப்படாதே, சாயங்காலம் இதைத்தான் காட்டப் போகிறோம் என்று மெதுவாகச் சொன்னார். சென்னிமலை அதைக் கையில் வாங்கவில்லை.

மைமூன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்ன அது என்று கேட்டார். வரதப்பன் மறைக்கவில்லை.

"இந்த வண்டியில இருந்ததுன்னு சொல்லிக் காட்டிருவோம் மேஸ்திரி. ஒரு பொய்யைச் சொல்லி ஒருத்தன் பொழப்பை அந்தாளு கெடுக்கலாம். ஒரு பொய்யைச் சொல்லி நாம காப்பாத்தக் கூடாதா?"

மைமூன் ரிலேயை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சரிங்க. காட்டறோம். அவரும் நம்பிடறாரு. நாளைக்கு மறுபடியும் நின்னுட்டா?"

"இனி எங்கீங்க நிக்கப் போகுது."

சொன்ன பிறகுதான் வரதப்பனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. வண்டியை நிறுத்தியது சென்னிமலைதான் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

சென்னிமலை அவரைப் பார்த்தான். பிறகு, எதிரே பாடி கட்டாமல் எலும்புக்கூடாக நின்ற ஒரு லாரியைப் பார்த்தான்.

தான் சொல்ல வந்தது அது இல்லை என்று வரதப்பன் ஆரம்பித்தார். வேறு ரிலே மாட்டினால் நிற்காது என்ற அர்த்தத்தில் சொன்னேன் என்றார். பழைய ரிலே நன்றாக இருக்கிறது என்று காலையில் சோதித்துச் சொன்னதே தான்தான் என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் லோகநாதனை இன்னும் கொஞ்சம் திட்டினார். குரல் மட்டும் முன்னைவிடச் சத்தமாக இருந்தது.

மைமூன் கருகின ரிலேயை டின்னில் போட்டார்.

"பானெட்டை மூடுங்க."

"இன்னும் ஒண்ணுமே கண்டுபிடிக்கலீங்களே."

"மூடிட்டு வாங்க. உள்ள உக்காரலாம்."

வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து மண் தரையின் நடுவில், வெயிலில் நிறுத்தச் சொன்னார். சென்னிமலையை அவன் சீட்டில் உட்கார வைத்தார். பக்கத்தில் தான் உட்கார்ந்தார். வரதப்பனைப் பின் சீட்டுக்குப் போகச் சொன்னார். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, இன்ஜினை ஓட விட்டார்கள். வண்டி நகரவில்லை. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கராசு டீக்கடை வாசலுக்கு வந்து, குருவும் சீடரும் ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார்களா, போகிற வழியில் தன்னையும் ஏற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"இப்பச் சொல்லுங்க," என்றார் மைமூன். "காலையில பாதியில விட்டுட்டீங்க."

சென்னிமலை முதலில் தயங்கினான். யாரும் குறுக்கே பேசவில்லை என்று கண்டதும் சொன்னான். மூன்று முறையும் சுள்ளென்ற வெயில். மூன்று முறையும் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பாலத்தில் நெரிசல், கடைவீதியில் நெரிசல், மண்டபம் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. முதலாளியம்மாவுக்கு வியர்க்கக் கூடாது என்று ஏசி முழு வேகத்தில் ஓடியது. திடீரென்று இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருகினால் மோட்டார் சுற்றியது, வண்டி எடுக்கவில்லை. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நின்றான். பின்னால் வந்தவர்கள் அம்மாவை அப்பாவைச் சேர்த்துத் திட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா ஒரு முறை சாவி போட்டுப் பார்க்கலாம் என்று போட்டால் எடுத்துவிட்டது. இதை எல்லோரிடமும் சொன்னதாகச் சொன்னான். சர்வீஸ் சென்டரில் ஒருவர், பானெட்டைத் தூக்கினால் சரியாகிற வண்டிக்கு நான் என்ன செய்யட்டும், பூஜை போடவா என்று கேட்டாராம்.

பிறகு அவனாகவே காதுகுத்தைப் பற்றிச் சொன்னான். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள மாமன் இருக்கிறான், அப்பனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாதுதான் என்றான். சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவன் ஒரு நகைக்கடை வாசலில் இதே வண்டியில், இதே சீட்டில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அழுத சத்தத்தை மனைவி போனில் போட்டுக் காட்டினாளாம்.

வரதப்பன் பின் சீட்டில் இருந்தார். அந்த இடத்திலிருந்து சென்னிமலையின் பிடரியும், கண்ணாடியில் அவன் இரண்டு கண்களும்தான் தெரிந்தன. லோகநாதனுக்கும் தினமும் இவ்வளவுதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி கோபம் வந்தது. கோபம் வந்தது அவருக்கு ஆறுதலாக இருந்தது. கருகின ரிலேயை வைத்துக்கொண்டு தான் உளறியதை இந்தக் கோபத்துக்குள் போட்டு மூடிவிடலாம் போலிருந்தது.

நேரம் போனது. இன்ஜின் ஒரே சீராக ஓடியது. முன்னால் ரேடியேட்டர் பேன் சுற்றுவதும் நிற்பதும் கேட்டது. பானெட்டின் மேல் காற்று கானல் மாதிரி நெளிந்தது. வரதப்பனுக்கு உட்கார முடியவில்லை. பேன் சத்தம் மாறிய மாதிரி இருந்தது. இறங்கி, பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கதவில் கை வைத்தார்.

"இருங்க," என்றார் மைமூன், திரும்பாமலே.

கையை எடுத்தார்.

அப்போது இன்ஜின் அணைந்தது.

உதறவில்லை, இருமவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, இல்லாமல் போனது. டேஷ்போர்டில் விளக்குகள் மட்டும் எரிந்தன.

சென்னிமலை இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினான்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

பின்னால் இருந்தவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வரதப்பன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து டேஷ்போர்டைப் பார்த்தார்.

"தெரியுங்க," என்றார் மைமூன். "கையை இறக்குங்க."

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. பானெட்டைத் திறக்கும் முன்பே மைமூன் ஸ்கேனரை மாட்டச் சொன்னார். சாவியைப் போட்டும் ஸ்கேனரால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேச முடியவில்லை. தொடர்பு இல்லை என்றது. அதன் பிறகு பானெட்டைத் தூக்கினார். உள்ளிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. மெயின் ரிலேயைத் துணியால் பிடித்து உருவி, சூடு ஆறுமுன் காயிலில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. காயில் எங்கோ அறுந்திருந்தது.

"விசிறுங்க."

வரதப்பன் ஒரு அட்டையை எடுத்து விசிறினார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முள் துடித்தது. விழுந்தது. மறுபடி எழுந்து, நின்றது.

காயிலின் கம்பி தலைமுடி அளவுதான் இருக்கும் என்றார் மைமூன். உள்ளே ஒரு இடத்தில் விட்டிருக்கிறது. குளிர்ச்சியில் நுனிகள் தொட்டுக்கொள்கின்றன. சூட்டில் விலகிக்கொள்கின்றன. பானெட்டைத் தூக்கி வைத்தால் ஆறி, மறுபடி தொட்டுக்கொள்கின்றன. மேஜை மேல் வைத்துத் தொட்டால் டிக் என்று சொல்லத்தான் செய்யும்.

ஆறிய ரிலேயைத் திரும்ப மாட்டினார்கள். வண்டி ஒரே திருகில் எடுத்தது. வரதப்பன் ஸ்கேனரைப் பார்த்தார். இப்போது தொடர்பு வந்திருந்தது. பழுது எதுவும் பதிவாகவில்லை என்றது.

அவருக்கு அதன் மேலேயே கோபம் வந்தது. மூன்று பேர் கண்ணெதிரே நின்றது, இப்போதும் ஒன்றுமில்லை என்கிறதே, இதை நம்பித்தானே ஒருத்தன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள் என்றார்.

"இது ஏனுங்க எழுதலை?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைமூன் கையை நீட்டி ரிலேயை உருவினார். இன்ஜின் அணைந்தது. ஸ்கேனரில் இருந்த எண்களெல்லாம் போய், தொடர்பு இல்லை என்று வந்தது.

"இப்ப அதை எழுதச் சொல்லுங்க," என்றார்.

வரதப்பன் வெறும் திரையைப் பார்த்தபடி நின்றார். வண்டிக்கு வரும் குறைகளையெல்லாம் எழுத வேண்டிய பெட்டி. அதற்குச் சோறு போடுவதே இந்த ரிலே. ரிலே கையை விரித்த நொடியில் எழுதுகிற கையும் சேர்ந்து செத்துவிடுகிறது. சூடு ஆறி உயிர் வந்ததும் அதற்கு எதுவும் நினைவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறது. அது பொய் சொல்லவில்லை. அது இல்லாத நேரத்தில் நடந்ததை அதனிடம் கேட்டிருக்கிறார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு லோகநாதன் வந்தார். பட்டறை ஆள் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். பார்த்தால் அவர் மோசமான ஆள் போலத் தெரியவில்லை. மைமூனை நலம் விசாரித்தார். நெற்றியில் விபூதி இருந்தது. மைமூன் ரிலேயைச் சூடாக்கி மீட்டர் வைத்துக் காட்டினார். ஆறவிட்டுக் காட்டினார். லோகநாதன் குனிந்து, கவனமாகப் பார்த்தார். தறியில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு உடனே புரிந்தது. இவ்வளவுதானா, இந்தச் சின்னச் சாமானா என்றார். புதிதாக ஒன்று மாட்டிவிடச் சொன்னார். மாட்டியாகிவிட்டது என்றார் மைமூன்.

லோகநாதன் சென்னிமலை பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, எத்தனை வருசமா வண்டி ஓட்டற? பானெட்டு சூடானாத்தான் நிக்குதுன்னு உனக்குத் தெரிய வேண்டாமா? முன்னாலயே சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"சொன்னனுங்க."

அது லோகநாதன் காதில் விழவில்லை. அவர் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்திருந்தார்.

வரதப்பனுக்குத் தாங்கவில்லை. போன் பேச்சு முடியும் வரைகூட நிற்கவில்லை. நாலு பேர் நடுவில் நாடகம் போடுகிறான் என்று சொன்னீர்கள், அதே நாலு பேர் நடுவில் இவன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள் என்றார். போன் செய்து பேரைக் கெடுத்தீர்கள், அதே கையில் அதே போன்தான் இருக்கிறது, இப்போதே ஒவ்வொருவருக்கும் போட்டுச் சொல்லுங்கள் என்றார். உழைக்கிறவன் வாயில் வருவது உண்மையா என்று பார்க்க உங்களுக்கு மெஷின் வேண்டும், உங்கள் வாயில் வருவதற்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா என்று கேட்டார். தங்கராசுகூடச் சிரிக்கவில்லை.

லோகநாதன் கோபப்படவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்காத மாதிரி இருந்தது.

"நான்தான் வேலைக்கு வரச் சொல்லிட்டனேப்பா. அப்புறம் என்ன?"

வேலைக்கு வா என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவர் வண்டியை நோக்கி நடந்தார். சென்னிமலை முந்திக்கொண்டு போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்தான். அவர் ஏறி உட்கார்ந்ததும், கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

அந்தக் கதவுச் சத்தம் கேட்காமல் போனதுதான் வரதப்பனைக் கொன்றது.

சென்னிமலை தன் பக்கம் ஏறும் முன் அவரிடம் வந்தான். கைகூப்பவில்லை. கண்ணைப் பார்த்தான்.

"எனக்காக அத்தனை பேசுனீங்கண்ணா. அந்த மட்டுக்குச் சந்தோசமுங்க."

மைமூனிடம் வரேங்கக்கா என்று மட்டும் சொன்னான். மைமூன் தலையை அசைத்தார். வண்டி மண் தரையைவிட்டு ரோட்டில் ஏறி, லாரிகளுக்குள் கலந்துவிட்டது.

வரதப்பன் மேஜையைத் துடைத்தார். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். கதவைத் திறந்துவிட்டானே, ரோசம் வேண்டாமா என்று முணுமுணுத்தார். லைன் வீடு நினைவுக்கு வந்தது. முணுமுணுப்பதை நிறுத்தினார். தறிப்பட்டறையில் சண்டை போட்ட நாளில் தனக்குச் சொந்த வீடு இருந்ததும் நினைவுக்கு வந்தது. அந்த மட்டுக்கு என்று அவன் சொன்னது உள்ளே எங்கோ தைத்துக்கொண்டு நின்றது. அவனுக்காகக் காலையிலிருந்து கத்தியது தான்தான். மேஸ்திரி அவனுக்காக ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. ஆனால் வண்டி அணைந்ததும் அவன் கையைத் தூக்கிக் காட்டியது தன்னிடம்தான்.

மைமூன் ஸ்கேனரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நீங்க எப்பங்க அவனை நம்புனீங்க? வண்டி நின்னப்பவா, காயில்ல மீட்டர் வெச்சப்பவா?"

"வண்டி நிக்குதுன்னு அவரு சொன்னப்ப."

"அப்ப நம்ம கையில ஒரு அத்தாட்சியும் இல்லீங்களே."

மைமூன் ஒயரைச் சுருட்டி முடித்து, ஆணியில் மாட்டினார்.

"இல்லீங்க வரதண்ணா. இருந்திருந்தா நான் எதுக்குங்க பானெட்டை மூடிட்டு வெயில்ல உக்காரணும்?"